துப்பாக்கி விளக்கா, துப்பாக்கி முக்காலியா?

பழைய துப்பாக்கியில் செய்த பொருள் ஒன்று வீட்டில் வேண்டும் என்றால் வழிகள் மூன்று. துப்பாக்கியை முழுதாக நிறுத்தி, குழலுக்குள் மின்கம்பி ஓட்டி விளக்காக்கியது ஒன்று. துண்டு துண்டாக வெட்டிப் பற்றவைத்து நாற்காலியோ முக்காலியோ ஆக்கியது இன்னொன்று. உருக்கி வேறொன்றாக வார்த்தது மூன்றாவது. விளக்கை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்து கொடுத்துவிட்டேன். முக்காலி ஐந்து ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இனி ஒளிக்க முடியாது.

ஃப்ளோஸ் என்ற விளக்கு நிறுவனத்துக்காக பிலிப் ஸ்டார்க் 2005இல் துப்பாக்கி வடிவில் வடிவமைத்த தங்க முலாம் பூசிய விளக்குகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை அலுமினிய வார்ப்பு. ஒருநாளும் துப்பாக்கியாக இருந்தவை அல்ல.

உருக்கியதை நான் வீட்டில் வைத்துப் பார்த்ததில்லை. மெக்சிகோவின் குலியாக்கானில் மக்களிடமிருந்து திரட்டிய 1,527 துப்பாக்கிகளை பெட்ரோ ரேயஸ் என்ற கலைஞர் 2008இல் அத்தனை மண்வெட்டிகளாக்கினார், மரம் நடுவதற்கு. கொலம்பியாவில் கிளர்ச்சிப்படை ஒப்படைத்த 37 டன் ஆயுதங்களை உருக்கி, டோரிஸ் சால்செடோ என்ற கலைஞர் தலைநகர் போகோட்டாவில் ஒரு கட்டடத்துக்கே தரை போட்டார். பராமரிப்பு என்று பார்த்தால் தரையை மிஞ்ச எதுவும் இல்லை, துடைத்தால் போதும். ஆனால் மண்வெட்டியைப் பார்ப்பவர் கண்ணுக்கு மண்வெட்டிதான் தெரியும். பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்ல வேண்டும்.

அழகில் விளக்குதான் முதலிடம். வெடிமருந்து கெட்டிக்கும் காலத்துத் துப்பாக்கி, பித்தளைப் பூண், கைபட்டுக் கைபட்டு வழவழத்த மரக்கட்டை. இதில் வாதமே இல்லை. என் வாதமெல்லாம் துருவைப் பற்றியது.

அந்தக் காலத்து வெடிமருந்தான கருமருந்து எரிந்தபின் குழலில் தங்கும் கசடு, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் சுட்டு முடித்ததும் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். என் விளக்குத் துப்பாக்கியைக் கடைசியாகச் சுட்டவர் கழுவாமலே விட்டிருக்க வேண்டும். மருந்துக்குத் தீ பாயும் சிறு துளை வழியாக, செங்கல் தூள் போல ஒரு பொடி மேசைமேல் உதிர்ந்துகொண்டே இருந்தது. துடைத்துவிட்டுப் போனால் மறுவாரம் மறுபடியும் இருக்கும். வெந்நீர் ஊற்றலாம் என்றால் உள்ளே மின்கம்பி. கம்பியை உருவலாம் என்றால், விளக்காக்கியவர் அடியில் பசைபோட்டு அடைத்திருந்தார். வெளியே மினுக்கி மினுக்கி வைத்தேன். உள்ளே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, கம்பிக்காகக் கட்டையில் துளை போட்டதால் பழம்பொருள் சேகரிப்பவர்களும் அதைச் சீந்தவில்லை.

முக்காலியின் கதை வேறு. மூன்று குழல்கள் கால்கள். ஏகே ரகத் துப்பாக்கியின் வளைந்த மேகசின்களை, அதாவது தோட்டாப் பெட்டிகளை, அடுக்கிப் பற்றவைத்தது இருக்கை. ஏகே-47இன் பிந்தைய வடிவமான ஏகேஎம் துப்பாக்கிக் குழலின் உட்புறத்துக்குத் தொழிற்சாலையிலேயே குரோம் பூச்சு உண்டு. ஆகவே விளக்குக்கு வந்த நோய் இதற்கு வரவில்லை. இதற்குத் துரு பிடிப்பது வெளியில்தான், அதுவும் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடத்தில்: பற்றவைத்த தழும்பின் இருபுறமும், ஒரு விரல் அகலத்துக்கு. அங்கே பூச்சு வெந்து போயிருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அருங்காட்சியகங்கள் உலோகத்துக்குப் பூசும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகைத் தடவினால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை. கண்ணுக்குத் தெரிகிற துரு, கைக்கு எட்டுகிற துரு. எனக்கு அது போதும்.

இந்த வகைக்குத் தாய்வீடு மொசாம்பிக். அங்கே 1992இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. 1995 முதல் திருச்சபைகள் நடத்திய திட்டத்தில் மக்கள் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுக் களைக்கொத்து, தையல் இயந்திரம், சைக்கிள் என்று வாங்கிப் போனார்கள். அந்த ஆயுதத் துண்டுகளில் கெஸ்டர் என்ற கலைஞர் 2001இல் செய்த ஆசனம் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முதுகின் உச்சியில் இரண்டு துப்பாக்கிக் கட்டைகள். திருகுத் துளைகள் கண்களாக, தோள்வார் கோத்த இடம் வாயாக, ஒவ்வொன்றிலும் ஒரு முகம் சிரிக்கிறது. தான் எதையும் செதுக்கவில்லை, துப்பாக்கியிலேயே இருந்தது என்றார் கெஸ்டர். உருக்கியிருந்தால் அந்தச் சிரிப்பு கிடைத்திருக்காது.

முக்காலியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அரைமணி நேரத்துக்குமேல் உட்கார முடியாது. மேகசின் வரிகள் தொடையில் பதியும். தூக்கி இடம் மாற்ற இருவர் வேண்டும். சட்டத்தைப் பொறுத்தவரை, வெட்டிப் பற்றவைத்தது முழுத் துப்பாக்கியைவிடத் தொந்தரவு குறைந்தது என்பது என் அனுபவம். ஆனால் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். கேட்டுக்கொள்ளாமல் எல்லை தாண்டி அனுப்பாதீர்கள். மறுவிற்பனை பற்றி நான் பேசுவது நியாயமில்லை. முக்காலியை விற்க நான் முயன்றதே இல்லை.

ஒரு காலில் வரிசை எண் பாதியோடு வெட்டுப்பட்டிருக்கிறது. மிச்சம் மூன்று இலக்கங்கள். ஒவ்வொரு முறையும் மெழுகு அந்தப் பள்ளங்களில் வெள்ளையாகத் தங்கிவிடும். அதை எடுக்க மட்டும் பழைய பல்துலக்கி ஒன்று தனியாக வைத்திருக்கிறேன்.