இரண்டு துளைகள், இரண்டு வருட எரிச்சல்

என் .22 ரிவால்வர் போன வாரம்தான் பழுதுபார்த்து வந்தது. அன்றைக்கென்று பார்த்து நண்பர் ஒருவர் கேட்கிறார்: "பழைய .22 ரிவால்வர் ஒன்று விலைக்கு வருகிறது. குறி பழகலாம், முயல் அடிக்கலாம். வாங்கட்டுமா?" நான் கொஞ்சம் நல்ல மனநிலையில் இருக்கும்போது கேட்டிருக்கலாம்.

என்னுடையது ஆறு தோட்டா, ஆறு அங்குலக் குழல், சிலிண்டர் (தோட்டா போடும் ஆறு துளை உள்ள உருளை) பக்கவாட்டில் திறக்கும் ரகம். தயாரித்தவர் பெயர் எதற்கு, தப்பு அவர்கள் மேல் இல்லை. வாங்கிய முதல் மாதமே தொல்லை ஆரம்பித்துவிட்டது. ஆறாறாக இரண்டு சுற்று சுட்டதும் காலி உறைகள் வெளியே வராது. உறைகளை வெளியே தள்ளும் கம்பியை உள்ளங்கையால் குத்த வேண்டும். ஒரு நாள் பயிற்சி முடிந்தால் உள்ளங்கையில் காசு அளவுக்குச் சிவந்த வட்டம்.

முதலில் தோட்டாவைத் திட்டினேன். மூன்று வகை மாற்றியும் பலனில்லை. அப்புறம் கரி மேல் சந்தேகம் வந்தது. முன்பு வைத்திருந்தவர் .22 ஷார்ட் என்ற குட்டை ரகத் தோட்டாவை நிறையச் சுட்டிருக்க வேண்டும். ஷார்ட்டின் உறை குட்டை. அது முடிகிற இடத்துக்கு முன்னால் துளைக்குள் வளையமாகக் கரி படியும். நான் போடும் .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் நீளமான உறை அந்த வளையத்தின் மேல் போய் இறுகிக்கொள்ளும். வெண்கலப் பிரஷ் போட்டு ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். நான்கு துளைகள் சரியாகிவிட்டன. இரண்டு அசையவே இல்லை.

அந்த இரண்டின் வாயோரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. நகம் தட்டியது. தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி விழும் இடத்தில் சின்னப் பள்ளம், பள்ளத்தை ஒட்டி உள்பக்கம் பிதுங்கிய பிசிறு. .22 தோட்டா ரிம்ஃபயர் ரகம், ஊசி அடிப்பது அதன் விளிம்பில். தோட்டா இல்லாமல் ஒருவர் டொக் டொக்கென்று விசையை இழுத்துக்கொண்டே இருந்தால், ஊசி கொஞ்சம் நீண்டிருந்தாலும் போதும், அடி சிலிண்டர் மேலேயே விழும். யாரோ தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பழகியிருக்கிறார். பழுதுபார்ப்பவர் அரத்தைத் தொடவில்லை. அரம் உலோகத்தைத் தின்றுவிடும் என்றார். துளைக்குள் போகும் ஒரு மழமழப்பான எஃகுக் கருவியால் பிசிறை அது வந்த இடத்துக்கே அழுத்தித் தள்ளினார். பத்து நிமிட வேலை. நான் கத்தியது இரண்டு வருடம்.

நியாயமாகச் சொன்னால் வேட்டையில் இந்தத் தொல்லை ஒரு பொருட்டே இல்லை. அங்கே முதல் தோட்டாதான் கணக்கு. குதிரையை, அதாவது பின்னால் இருக்கும் சுத்தியலை, பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால் விசை அவ்வளவு லேசு. சுடப் போகிறோம் என்று நினைப்பதற்குள் சுட்டு முடிந்திருக்கும். பதினைந்து தப்படியில் முயலின் தலை என்றால் தலைதான். குதிரையை இழுக்காமல் நேராக விசையை இழுத்தால் மட்டும் கனம். விளிம்புப் பித்தளையை நசுக்க அந்த அடி வேண்டும். அந்தக் கனத்தைக் குறைக்க ஸ்பிரிங்கை மென்மையாக்கி வைத்த பழைய துப்பாக்கி என்றால் தோட்டா வெடிக்காமல் ஏமாற்றும், உஷார்.

நண்பர் பார்த்திருப்பது ரூகர் நிறுவனத்தின் சிங்கிள்-சிக்ஸ் என்ற ஆறு தோட்டா ரிவால்வராம். 1973-க்கு முந்தியது, உள்ளே மாற்றம் செய்யாதது என்றால் குதிரைக்குக் கீழே உள்ள துளையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டாதான் போட வேண்டும். அந்தத் துளையிலும் தோட்டா இருந்தால், துப்பாக்கி கீழே விழும்போது வெடித்துவிடலாம். கூடவே, வீரியம் கூடிய .22 மேக்னம் தோட்டாவுக்கான மாற்றுச் சிலிண்டர் கொடுத்தால் நல்லது. ஆனால் அதில் லாங் ரைஃபிள் போடக் கூடாது. மேக்னம் துளை அகலம், உறை உப்பிக் கிழியும்.

வாங்குவதற்கு முன், காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆறு துளையிலும் நகத்தை ஓட்டச் சொன்னேன். குதிரையை மெதுவாக இழுத்தால், அது நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். முடிந்தால் நிறுத்தாமல் நான்கு முறை சிலிண்டரை நிரப்பிச் சுட்டுப் பார்க்கச் சொன்னேன். முதல் சுற்றில் எல்லாத் துப்பாக்கியும் நல்லதுதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பழையதே வேண்டாம், புதிதாக வாங்கு என்றேன். "அப்படியானால் உன்னுடையதைக் கொடுத்துவிடேன்" என்றார்.

ஆளைப் பார்!