காருக்குள் போனுக்குச் சோறு: தட்டா, காந்தமா, வயரா?

மின்சாரக் கார் கைக்கு வந்தபோது போனை எப்படிச் சார்ஜ் செய்வது என்ற கவலையே எனக்கு இருக்கவில்லை. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ரப்பர் விரித்த தட்டு ஒன்று இருந்தது. போனை அதன்மேல் வைத்தால் போதும் என்றார்கள். வைத்தேன். முதல் நீண்ட பயணத்தில் 41 சதவீதத்தோடு வைத்த போன், இரண்டு மணி நேரம் கழித்து 46-இல் நின்றது. எடுத்துப் பார்த்தால், அப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த சட்டையைப் போல முதுகெல்லாம் சூடு.

அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டையும் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். ஒன்று, காரின் 12 வோல்ட் குழியில் (சிகரெட் லைட்டர் குழி என்பார்களே, அதில்) செருகும் சிறிய சார்ஜரும் டைப்-சி கேபிளும். இன்னொன்று, ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டும் காந்தத் தாங்கி. போனைப் பிடித்துக்கொண்டே வயரில்லாமல் சார்ஜும் ஏற்றும். பவர் பேங்க்கையும் சேர்க்கலாம் என்பார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் லித்தியம் பேட்டரியை விட்டுவைப்பது நல்லதல்ல என்பதால், கையில் எடுத்துச் செல்லும் பொருளாகவே அதைக் கருதுகிறேன், போட்டியில் சேர்க்கவில்லை.

முதலில் தட்டு. 15 வாட் என்று சொல்லப்பட்டாலும், அது இரண்டு சுருள்களும் ஒன்றுக்கொன்று நேராக அமைந்தால் மட்டும். தட்டுக்கு அடியில் ஒரு சுருள், போனின் முதுகில் ஒரு சுருள். இவை சற்று விலகினாலும் போய்ச்சேரும் மின்சாரம் குறைகிறது, வீணாவது சூடாகிறது. கார் ஓரிடத்தில் நிற்கும் பொருளல்லவே. வளைவில் திரும்பும்போது போன் ஒரு விரற்கடை நகர்கிறது. திரை ஒருமுறை ஒளிர்ந்து அணைகிறது. சார்ஜ் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள். அடுத்த வளைவில் திரும்பவும் ஒளிர்கிறது. ஒரு மலைப்பாதையில் இந்த மின்மினி விளையாட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனேன். போனின் உறைக்குள் சாவியட்டை, நாணயம் என்று ஏதாவது இருந்தால், உலோகம் இருப்பதை உணர்ந்து தட்டு தானாகவே நிறுத்திக்கொள்ளும். அது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் நிறுத்தியதை நமக்கு யார் சொல்வது?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. காரின் திரையில் வரைபடத்தை வயரில்லாமல் ஓட்டும்போது போனின் வைஃபையும் ஜிபிஎஸ்ஸும் ஓயாமல் உழைக்கின்றன. உழைப்பால் வரும் சூடு ஒரு பக்கம், வயரில்லாச் சார்ஜிங்கால் வரும் சூடு மறுபக்கம். ஒரு கட்டத்தில் போனே பயந்து, சார்ஜ் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. நான் பார்த்த ஐந்து சதவீத முன்னேற்றத்தின் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

காந்தத் தாங்கி இந்த நோயில் பாதியைத் தீர்க்கிறது. 2020-இல் ஆப்பிள் ஐபோன் 12-உடன் மேக்சேஃப் என்ற காந்த வளையத்தைக் கொண்டுவந்தது. அதை அடிப்படையாக வைத்து 2023-இல் வந்தது கியூஐ2 என்ற, வயரில்லாச் சார்ஜிங்குக்கான பொதுத் தரம். (எழுதுவது கியூஐ, உச்சரிப்பது 'சீ'. தமிழில் பேசும்போது இதை எங்கே சொல்வது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.) காந்தம் சுருள்களை நேராகப் பிடித்து நிறுத்திவிடுவதால் விலகல் என்ற பேச்சே இல்லை. 15 வாட் என்றால் ஏறக்குறைய 15 வாட்தான். 2025-இல் 25 வாட் வரை போகும் பதிப்பும் வந்துவிட்டது. ஏசி துவாரத்தின் முன்னால் மாட்டினால் குளிர்ந்த காற்று போனின் முதுகில் படுகிறது. அந்தத் தட்டில் இரண்டு மணி நேரத்தில் ஏறியதைவிட இதில் முதல் அரை மணி நேரத்திலேயே கூடுதலாக ஏறியது. குளிர்காலத்தில் அதே துவாரத்தில் சூடான காற்று வரும் என்பதைச் சாதனத்தை வடிவமைத்தவர் மறந்திருப்பார் போலும்.

ஆனாலும் வயரில்லாச் சார்ஜிங்கில் போகிற மின்சாரத்தில் கணிசமான பங்கு சூடாகவே கரைகிறது. மின்சாரக் காரின் உரிமையாளர் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போனை முழுதாக நிரப்ப ஏறக்குறைய 19 வாட்-மணி போதும். கார் ஒரு கிலோமீட்டருக்கு 150 வாட்-மணி தின்கிறது என்றால், ஒரு போனை நிரப்பும் மின்சாரத்தில் கார் 130 மீட்டர் போகும். அதில் ஐம்பது மீட்டர் வீணானால் என்ன, நான் இறங்கி நடந்துவிடுவேன். காரின் தூரம் குறையும் என்ற பயம் வேண்டாம். வீணான அந்த மின்சாரம் போனின் முதுகுக்குள் சூடாகப் போய் உட்கார்வதுதான் தொல்லை. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. அடிக்கடி சூடாகும் பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டும்.

இன்னொரு விஷயம்: எல்லாப் போனிலும் காந்தம் இருப்பதில்லை. 'கியூஐ2-க்குத் தயார்' என்று விற்கப்படும் சில போன்களில் காந்தம் உறையில்தான் இருக்கிறது. உறையைக் கழற்றினால் போன் கையில், தாங்கி காற்றில்.

இனி வயர். அழகில்லாதது, பொடி எழுத்து விவரங்களைத் தோண்டிப் பார்க்க வைப்பது. ஆனாலும் ஏறும் வேகத்தில் இதற்குத்தான் என் ஓட்டு. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். காரோடு வந்திருக்கும் யூஎஸ்பி போர்ட்டும், 12 வோல்ட் குழியில் செருகும் சார்ஜரும் ஒன்றல்ல. பழைய அகலமான யூஎஸ்பி போர்ட்டுகள் பலவும் தகவல் பரிமாற்றத்துக்காக வைக்கப்பட்டவை, யூஎஸ்பி 2.0 தரப்படி 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட் மட்டுமே தருபவை. திரை எரிந்துகொண்டிருக்கும் போனுக்கு அது கொசுக்கடி. ஆனால் காரின் திரையில் வரைபடத்தை வயர் வழியாகக் காட்ட அந்த போர்ட்தான் வேண்டும். குழிச் சார்ஜரில் அந்த வேலை நடக்காது. இரண்டில் எது வேண்டும் என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

குழிச் சார்ஜரை வாங்கும்போது மேலட்டையின் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் வரிகளைப் படியுங்கள். '60 வாட்' என்பது பெரும்பாலும் இரண்டு போர்ட்டுகளின் கூட்டுத்தொகை. நான் வாங்கியதில் பக்கத்து இருக்கைக்காரர் தன் போனைச் செருகியதும் என் போன் ஒரு விநாடி மூச்சை நிறுத்தி, பிறகு மெல்லத் தொடர்ந்தது. சார்ஜர் இருவருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கப் பேச்சுவார்த்தையைத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சார்ஜரும் போனும் பேசி வேகத்தை முடிவுசெய்யும் பிடி என்ற பவர் டெலிவரி தரம் உள்ளதா, போன் கேட்கும் அளவுக்கு வோல்ட்டைச் சிறுசிறு படிகளில் மாற்றித் தரும் பிபிஎஸ் வசதி உள்ளதா என்பதையும் பாருங்கள். சில நிறுவனங்கள் 67, 80 வாட் என்று விளம்பரப்படுத்தும் வேகம் அவர்களுடைய சார்ஜரோடு மட்டும் கிடைக்கும். பிறரின் சார்ஜரில் போன் சாதுவாகிவிடும்.

கேபிளும் ஏமாற்றும். எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று சார்ஜருக்குச் சொல்லும் அடையாளச் சில்லு இல்லாத டைப்-சி கேபிள் 3 ஆம்பியரோடு நின்றுகொள்ளும். போனுக்கு அது பெரும்பாலும் போதும். மடிக்கணினிக்கு அறுபது வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிளைத் தேட வேண்டும். நீளம் ஒரு மீட்டரே ஏராளம். முதலில் இரண்டு மீட்டர் வாங்கி, ஒருமுறை கியருக்கு அருகில் அது சுருண்டு கிடந்ததைப் பார்த்தபின் மாற்றிவிட்டேன்.

சார்ஜரின் உடலும் கவனிக்க வேண்டியதே. குழியோடு சமமாக அமுங்கி நிற்கும் குட்டைச் சார்ஜர் பார்க்க நேர்த்தி. வெளியே எடுக்கத்தான் வழியில்லை. சிறிய வளையம் ஒன்று மடங்கி ஒட்டியிருக்கும், அதை நகத்தால் நெம்ப வேண்டும். வெயிலில் இருந்து வந்த கார் என்றால் விரலைச் சுடும். ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது என் காரில் காந்தத் தாங்கி இன்னும் இருக்கிறது, அதற்கான மின்வயரை மட்டும் உருவிப் பெட்டியில் போட்டுவிட்டேன். போனைப் பிடித்துக்கொள்வது காந்தத்தின் வேலை; கீழேயிருந்து ஒரு மீட்டர் கேபிள் சார்ஜ் ஏற்றுகிறது. ரப்பர் தட்டில் கறுப்புக் கண்ணாடி கிடக்கிறது.