.35 வீலன்: எனக்குப் பிடிக்கும், உங்களுக்கு வேண்டாம்

லூசியானாவில் இப்போதுதான் வேட்டை உரிமம் எடுத்திருக்கும் ஒரு தம்பி போன வாரம் கேட்டார்: "அண்ணா, பிரிமிட்டிவ் சீசனுக்கு ஒத்தைத் தோட்டா ரைஃபிள் வாங்கப்போறேன். .35 வீலனா, .45-70ஆ?" இரண்டும் தோட்டா வகைகளின் பெயர்கள்; பிரிமிட்டிவ் சீசன் என்பது பழைய பாணித் துப்பாக்கிகளுக்கென்று ஒதுக்கிய மான் வேட்டைக் காலம். என் வீலன் துப்பாக்கி பழுதுபார்க்கப்பட்டு வீட்டுக்கு வந்ததும் அதே வாரம்தான். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

பல சீசன்களாக மிசிசிப்பியில் டிசம்பர் மாத பிரிமிட்டிவ் சீசனுக்கு வீலனைத்தான் எடுத்துப் போகிறேன். விதி தெரிந்ததுதான்: பின்பக்கம் தோட்டா போடும் ஒற்றைச் சுடு ரைஃபிள், வெளியே தெரியும் சுத்தியல், .35 காலிபர் அல்லது அதற்கு மேல். வீலன் குண்டின் விட்டம் .358 அங்குலம். விதிக்குள் வரும் தோட்டாக்களில் நேராகவும் வேகமாகவும் போவது எது என்று தேடினால் கை தானாக இதில்தான் வந்து நிற்கும். 1922இல் .30-06 என்ற தோட்டாவின் கூட்டை, அதாவது குண்டையும் மருந்தையும் பிடித்திருக்கும் உலோக உறையை, எடுத்து அதன் கழுத்தை அகலமாக்கி உருவாக்கியது. ரொம்ப காலம் கைவினைஞர்கள் வட்டத்திலேயே இருந்துவிட்டு 1980களின் கடைசியில்தான் ரெமிங்டன் நிறுவனம் மூலம் கடைக்கு வந்தது. மிசிசிப்பி, லூசியானா விதிகள் மட்டும் இல்லையென்றால் இன்று இதை எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே இருக்கிறது. 200 கிரெயின் (சுமார் 13 கிராம்) எடையுள்ள குண்டு, பெட்டியில் போட்டிருக்கும் கணக்குப்படி விநாடிக்கு 2,675 அடி. 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்துவிட்டால் 100 கெஜத்தில் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேலே அடிக்கும், அவ்வளவுதான். பரணில் உட்கார்ந்து மான் 80இல் நிற்கிறதா 180இல் நிற்கிறதா என்று மனக்கணக்குப் போடத் தேவையில்லை. பழைய பாணி 405 கிரெயின் .45-70 தோட்டாவோ 1,330 அடியில் கிளம்புகிறது. 100 கெஜத்துக்குக் குறி வைத்தால் 200 கெஜத்தில் இரண்டு அடி கீழே போய்விடும். மான் மேல் வீலன் செய்யும் வேலையைப் பற்றியும் குறை சொல்ல மாட்டேன். தோள்பட்டைக்குப் பின்னால் சரியாகப் பட்டால் தேடும் தூரம் குறைவு, ரத்தத் தடம் தெளிவு.

தோட்டாவைக் கையாலேயே தயாரிப்பவர்களுக்கு இன்னொரு சந்தோஷமும் உண்டு. .30-06 கூடு எங்கும் கிடைக்கும். கழுத்தை விரித்துவிட்டால் வீலன் தயார். கடையில் வீலன் பெட்டி இல்லாத வருடங்களில் இதுதான் என்னைக் காப்பாற்றியது. பெட்டி கிடைத்தாலும், .30-06 பெட்டிக்குக் கொடுப்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என்னுடையது குழலை மடக்கித் திறக்கும் துப்பாக்கி. அதில் சுட்ட கூடு வெளியே வருவதில்லை.

எப்போதும் அல்ல. ரேஞ்சில் வெயிலில் நிதானமாகச் சுடும்போது பத்துக்கு ஒன்பது முறை வந்துவிடும். அந்தப் பத்தாவது எப்போது வரும் என்று தெரியாததுதான் கொடுமை. .45-70 கூட்டின் அடியில் தடித்த விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். கூட்டை வெளியே தள்ளும் பாகமான எக்ஸ்ட்ராக்டர் அதன் கீழ் அசையாமல் உட்காரும். குழலை மடக்கினால் விளிம்பைப் பிடித்துத் தள்ளும், தப்பவே முடியாது. வீலனுக்கு அந்த விளிம்பு கிடையாது, அடியைச் சுற்றி ஒரு பள்ளம்தான். தோட்டா உள்ளே போகும்போது விலகி வழிவிட்டு, பிறகு ஸ்பிரிங் விசையில் அந்தப் பள்ளத்துக்குள் போய் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கொக்கி வைத்திருக்கிறார்கள். நக நுனி அளவு உலோகம். அதில் கரி படிந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும், கூடு கொஞ்சம் இறுகினாலும் கொக்கி வழுக்கிவிடும். குழல் திறக்கும், கூடு அப்படியே உள்ளே இருக்கும்.

இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. போல்ட் ரைஃபிளில், அதாவது போல்ட் என்ற உருளையைக் கையால் முன்னும் பின்னும் இழுக்கும் வகையில், கைப்பிடியை மேலே தூக்கும்போதே உள்ளே ஒரு சரிவு போல்ட்டைப் பின்னுக்கு நெம்பும், இறுகிய கூடு அங்கேயே இளகிவிடும். மடக்குத் துப்பாக்கியில் அந்த நெம்பு கிடையாது. அதனால் போல்ட் ரைஃபிளில் ஜோராக வேலை செய்யும் அதே தோட்டா இங்கே சிக்கும். வீலன் அழுத்தம் கூடிய நவீனத் தோட்டா, அதை இந்த எளிய இயக்கத்துக்குள் வைத்ததில்தான் வினையே இருக்கிறது.

போன டிசம்பரில் பைன் மரங்களை வெட்டியெடுத்த ஒரு மேட்டின் ஓரத்தில், வெளிச்சம் போகிற நேரத்தில், ஒரு கிடாய் மானைச் சுட்டேன். விழுந்தது. பிறகு தலையைத் தூக்கியது. இரண்டாவது குண்டு உடனே தேவை. குழலை மடக்கினேன், கூடு வரவில்லை. கூட்டின் அடிப்பகுதி குழலின் விளிம்போடு விளிம்பாக வழவழவென்று உட்கார்ந்திருந்தது. குளிரில் விறைத்த விரல் நகத்துக்கு அங்கே பிடிமானமே இல்லை. பேனாக்கத்தியின் நுனியைப் பள்ளத்தில் விட்டு நெம்பினேன், பித்தளையில் கீறல்தான் விழுந்தது. அதற்குள் மான் எழுந்து புதருக்குள் போய்விட்டது. வண்டிக்கு நடந்து, துடைக்கும் கம்பியை எடுத்து வந்து, குழலின் வாய் வழியாகத் தட்டித்தான் கூட்டை வெளியே எடுத்தேன். டார்ச் வெளிச்சத்தில் முட்புதருக்குள் தேடி மானைக் கண்டுபிடித்தோம். அது சாக எடுத்துக்கொண்ட நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. காயப்பட்ட மிருகத்துக்கு இரண்டாவது குண்டை உடனே கொடுப்பது நம் கடமை. அதைச் செய்ய விடாத துப்பாக்கியை எப்படிப் பாராட்டுவது?

விளிம்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பவர்களுக்கு: 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் வீரர்கள் வைத்திருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன்களிலும் கூடு சிக்கியிருக்கிறது. அது விளிம்புள்ள இதே .45 கூடுதான். ஆனால் அன்று கூடு மெல்லிய செம்பு, சூட்டில் ஒட்டிக்கொள்ளும், எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைக் கிழித்துக்கொண்டு போய்விடும். பிறகு ராணுவமே பித்தளைக்கு மாறியது. இன்றைய .45-70 கூடு கனமான பித்தளை. என் நண்பர் ஒருவரின் பழைய மடக்குத் துப்பாக்கியில் ஒருமுறைகூடச் சிக்கி நான் பார்த்ததில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் இது வீலன் தோட்டாவின் குற்றம் மட்டுமல்ல. என் துப்பாக்கியைத் தயாரித்தவர்கள், அவர்கள் பெயர் வேண்டாம், தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் உட்புறத்தைச் சொரசொரப்பாகவே விட்டிருந்தார்கள். உள்ளூர் துப்பாக்கி மெக்கானிக் அதை மெருகேற்றி, கொக்கியையும் ஸ்பிரிங்கையும் மாற்றித் தந்திருக்கிறார். நானும் வேகத்தை 2,500 அடிக்குக் கீழே இறக்கிவிட்டேன், கூட்டை ஒவ்வொரு முறையும் முழு நீளத்துக்கும் அளவு திருத்துகிறேன். இப்போது நன்றாக வருகிறது. வேறு துப்பாக்கிகளில் வீலன் பிரச்சினையில்லாமல் ஓடுவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் தம்பி, நீங்கள் .45-70 வாங்குங்கள். கணக்குப் பார்த்தால் வீலன்தான் ஜெயிக்கும், தெரியும். உங்கள் பரணில் இருந்து எவ்வளவு தூரம் தெரியும்? காட்டுக்குள் 120 கெஜத்தைத் தாண்டாது. அந்தத் தூரத்துக்கு 1873இல் பிறந்த தோட்டா தாராளமாகப் போதும். தூரம் வேண்டுமென்றால் ரப்பர்போன்ற நுனி வைத்த 325 கிரெயின் தோட்டா கிடைக்கிறது, 2,050 அடி வேகம். 100 கெஜத்தில் மூன்று அங்குலம் மேலே வைத்தால் 200இல் நான்கு அங்குலம்தான் கீழே. உதை குறைந்த தோட்டாவில் பழகிவிட்டு அப்புறம் இதற்கு வரலாம், ஏனென்றால் லேசான துப்பாக்கியில் இது தோளை நன்றாகவே இடிக்கும். ஒன்று கவனியுங்கள்: பழைய டிராப்டோர் துப்பாக்கிக்கும் (கஸ்டர் காலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் வகை) நவீனத் துப்பாக்கிக்கும் ஒரே பெயரில் வேறு வேறு அழுத்தத்தில் தோட்டா விற்கிறார்கள். பெட்டியைப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

.444 மார்லினுக்கும் விளிம்பு உண்டு, நல்ல தோட்டாதான், ஆனால் கடை கடையாக அலைய வேண்டும். உங்கள் பையனுக்கும் சேர்த்து யோசிப்பதாக இருந்தால் 2023இல் வந்த .360 பக்ஹாமரைப் பாருங்கள். வீலனின் அதே .358 குண்டு, விளிம்புள்ள கூடு, உதை குறைவு. எனக்கு இன்று வாங்கும் நிலை வந்தால் அதையும் யோசிப்பேன்.

என் வீலனை விற்கப்போவதில்லை. சீசனுக்கு முன்னால் ரேஞ்சுக்கு வாருங்கள், ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள், உங்களுக்கும் பிடித்துவிடும். பிடித்தாலும் வாங்காதீர்கள்.