நாலு வருசத்துக்கு மேல ஒரு ஹாமர் ட்றில்லோட

சுத்திக்கொண்டே அடிச்சுச் சுவரைத் துளைக்கிற இந்த மெசின் 2021 தொடக்கத்தில வேண்டினது. 600 வோட்ஸ், துளைக்கிற பிட்டைப் பிடிக்கிற சக் 13 மில்லிமீற்றர், சாவி போட்டு இறுக்கிற வகை. யாழ்ப்பாணம் கோப்பாய் வீட்டில கேர்ட்டின் கம்பி பூட்டோணும், அதுக்கு ஒரு ஆளைப் பிடிச்சா அவர் நாளைக்கு வாறன் நாளைக்கு வாறன் எண்டு ரெண்டு கிழமையா இழுக்கிறார், சரி நானே பூட்டுவம் எண்டு வெளிக்கிட்டன்.

முதல் நாளே மானம் போச்சு. கேர்ட்டின் கம்பி வாறது யன்னலுக்கு நேர மேல, அங்க இருக்கிறது கல்லில்லை, லின்டல், கம்பி கட்டி வார்த்த கொங்கிறீற். பத்து நிமிசம் ஏணியில நிண்டு முழு உடம்பாலயும் தள்ளினன், பிட் நுனி நீலமாப் போச்சு, ஓட்டை எண்டா சுண்டுவிரல் நகமளவு. அம்மா கீழ நிண்டு "விடு தம்பி, மேசனைக் கூப்பிடுவம்" எண்டா.

பேந்துதான் ஜேர்மனியில இருக்கிற மச்சான் போனில விளங்கப்படுத்தினவர். என்ர ட்றில்லில ரெண்டு பல்லுச் சில்லு ஒண்டில ஒண்டு உரஞ்சித் துள்ளுறதாலதான் அடி வருது, நிமிசத்துக்கு 40,000 அடி வரைக்கும் போகும், ஆனா எல்லாம் தட்டுறமாதிரித்தான், நாங்கள் தள்ளாட்டி அதுகும் இல்லை. ரோட்டரி ஹாமர் எண்டுறது வேற சாமான், உள்ளுக்குப் பிஸ்டன் ஓடிக் காத்தை அமத்தி அடிக்கும், அடி 4,000, 5,000தான், ஒவ்வொண்டும் சுத்தியலால போட்டமாதிரி இறங்கும். அதுக்கு எஸ்டிஎஸ் பிட் வேணும். செருகு, திருப்பு, இருந்திடும் எண்டதின்ர ஜேர்மன் சுருக்கம்தானாம் அந்தப் பேர்.

பக்கத்து வீட்டு மேசன் அண்ணையிட்ட அது இருந்தது, கேட்டு வாங்கி அதே லின்டல்ல வைச்சன். அரை நிமிசம் போகேல்லை, பப்பாப்பழத்தில ஈர்க்குக் குத்தினமாதிரி உள்ளுக்குப் போட்டுது.

அண்டைக்கு என்ரயை வித்துப்போட்டு அதை வேண்டுவமோ எண்டு யோசிச்சதுதான், விக்காதது நல்லம். ஏனெண்டா பிறகு நான் போட்ட ஓட்டையில முக்கால்வாசி சீமெந்துக் கல்லிலயும் மதிலிலயும் கதவுப் பலகையிலயும், எல்லாத்துக்கும் இது தாராளம். ரோட்டரி ஹாமருக்கு அடாப்டர் சக் போட்டு மரம் துளைச்சுப் பாத்தன், பிட் ஆடுது, மூண்டு கிலோ பாரம் வேற, கை உளைஞ்சு போச்சு.

அப்பப்பா கட்டின பழைய பக்கம் தனிக்கதை. சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், அதில ஹாமரைப் போட்டா 6 மில்லிமீற்றர் பிட்டுக்கு 10 மில்லிமீற்றர் கிடங்கு வரும், ஸ்குறூ இறுக ஓட்டைக்குள்ள அடிக்கிற பிளாஸ்ரிக் றோல் பிளக் கையோட கழண்டு வரும். அங்க ஹாமர் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு வெறும் சுத்தில மெதுவாப் போகோணும், இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சுவர்த் தட்டும் அதில இருந்த நாலு கோப்பையும் செலவு.

வோட்ஸைப் பாத்து மயங்காதேங்கோ, காசைப் பிட்டில போடுங்கோ. பெட்டிக்குள்ள சும்மா வந்த பிட் ரெண்டு ஓட்டையோட மழுங்கிப் போச்சு, பிறகு தனியா வேண்டின கார்பைட் நுனி பிட் இப்பவும் ஓடுது. பக்கத்துக் கைபிடியைக் கழட்டி வைச்சிட்டு வேலை செய்யவே கூடாது, ஒருக்கா லின்டல் கம்பியில பிட் இறுகி மெசின் சுத்தினதில மணிக்கட்டு ஒரு கிழமை வீங்கினது. என்ரயில அப்பிடி இறுகினா விடுற கிளச் இல்லை, கனக்க ரோட்டரி ஹாமர்களில இருக்கு.

ஓட்டை போட்டாப்பிறகு சைக்கிள் பம்பால புழுதியை ஊதிப்போட்டுத்தான் றோல் பிளக்கை அடிக்கிறது. மேல்தட்டில துளைக்கேக்க ஒரு சிரட்டையின்ர கண்ணுக்குள்ளால பிட்டை விட்டுக் கொழுவினா புழுதி எல்லாம் சிரட்டைக்குள்ள, கண்ணுக்குள்ளயும் விழாது, சக்குக்குள்ளயும் போகாது.

மூண்டாம் வருசம் உள்ளுக்கு நெருப்புப் பொறி கூடி ஒரு கருகின மணம் வந்தது, மோட்டருக்குக் கரண்ட் குடுக்கிற கரித்துண்டு, காபன் பிறஷ், தேஞ்சதுதான், சின்னக் காசில மாத்தியாச்சு. வேற பழுதில்லை. 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360 ரூபாய்க்குப் போகேக்க முதலே வேண்டினதுக்குச் சந்தோசப்பட்டன்.

வருசத்துக்குப் பத்துப் பதினைஞ்சு ஓட்டை போடுற வீட்டுக்கு இதுவே காணும், லின்டலும் தூணும் வந்தா ஒரு நாளைக்கு ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுங்கோ. மேல்மாடி கட்டி கொங்கிறீற்றிலயே வேலை எண்டா மட்டும் ரோட்டரி ஹாமரைத் துணிஞ்சு வேண்டலாம். சக் சாவியை வயரோட நூல் போட்டுக் கட்டி வையுங்கோ, நான் இப்ப மூண்டாவது சாவியில நிக்கிறன்.