வெள்ளி ரூபாயைப் படம் பிடிக்க: கூடாரமா, கண்ணாடியா, இரண்டு விளக்கா?

நான் விற்ற, ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் தலை போட்ட 1918 வெள்ளி ரூபாய் ஒன்று பத்தே நாளில் என்னிடம் திரும்பி வந்தது. வாங்கியவர் சண்டையெல்லாம் போடவில்லை. "படத்துல பால் மாதிரி இருந்துச்சு சார். கையில வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினா ஒரே கீறலா இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். அது எங்கள் வீட்டு பீரோவில் கிடந்த காசு. வருஷா வருஷம் பூஜைக்கு எடுத்து, விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைப்பார்கள். அந்தக் கீறல்களை மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை; என் விளக்கு மறைத்துவிட்டது.

அப்போது என்னிடம் இருந்தது வெள்ளைத் துணிக் கூடாரம். காசை உள்ளே வைத்து வெளியே இரண்டு பக்கமும் விளக்கு போட்டால் போதும். கண்ணைக் கூசும் ஒளிப்புள்ளி இல்லை, நிழல் இல்லை, ஐந்து நிமிடத்தில் பத்துக் காசு எடுத்துவிடலாம். ஆனால் வெள்ளி தன் மேல் படும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும் உலோகம். கிட்டத்தட்ட கண்ணாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் வெள்ளைத் துணி இருந்தால் காசில் தெரிவதும் வெள்ளைத் துணிதான். எல்லாத் திசையிலிருந்தும் ஒளி வருவதால் கீறலின் பள்ளமும் நிரம்பிவிடும், மினுமினுப்பும் செத்துவிடும். நல்ல காசும் தேய்த்த காசும் ஒரே மாதிரி சுண்ணாம்பு அடித்ததுபோல் நிற்கும்.

ரிங் லைட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராஜாவின் கன்னத்தில் வட்டமாக ஒரு வளையம் விழும். போன் ஃப்ளாஷை அணைத்தே வைத்திருங்கள்.

அடுத்து, 45 டிகிரியில் கண்ணாடி சாய்க்கும் முறை. படச் சட்டத்தில் போடும் மெல்லிய கண்ணாடியைக் காசுக்கு மேலே சாய்வாக நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து விளக்கு அடிக்க வேண்டும். ஒளியில் ஒரு பகுதி கண்ணாடியில் பட்டு நேரே கீழே காசில் விழும். காசிலிருந்து எழும் ஒளி அதே கண்ணாடியை ஊடுருவி மேலே கேமராவுக்குப் போகும். விளக்குக்கு எதிர்ப்பக்கம் கறுப்பு அட்டை வைக்காவிட்டால் படம் வெளுத்துப்போகும். வெள்ளியில் காலப்போக்கில் ஏறும் நீலம், ஊதா, பொன்னிறம் எல்லாம் இதில் வருவதுபோல் வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை. ஆனால் ஒளியில் பெரும்பகுதி கண்ணாடியைத் தாண்டி வீணாகப் போவதால் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். முக்காலியும் டைமரும் இல்லாமல் கதை நடக்காது. கண்ணாடியில் ஒரு தூசி இருந்தாலும் தொல்லை. தவிர, சமதளம் முழுக்க ஒரே சீராக ஒளிர்வதால், புதுக் காசுக்கே உரிய அந்தச் சுழலும் மினுக்கம் இதிலும் காணாமல் போகிறது.

இப்போது நான் நிற்பது இரண்டு விளக்கில்தான். ஒரே பெட்டியில் வாங்கிய, ஒரே நிறம் தரும் இரண்டு 9 வாட் எல்இடி பல்புகள், வளைக்கக்கூடிய டேபிள் லேம்ப் இரண்டு. காசைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் 10 மணிக்கு ஒன்று, 2 மணிக்கு ஒன்று. கீழிருந்து அடிக்கக் கூடாது. மேடெல்லாம் பள்ளமாகத் தெரிந்து ராஜாவின் முகம் குழிவிழும். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதிக் காசு மஞ்சள், பாதிக் காசு நீலம். போனில் எடுப்பவர்கள் 2 மடங்கு ஜூம் வைத்துத் தள்ளி நின்று எடுங்கள். கிட்டே போனால் போனே விளக்கை மறைக்கும்.

இதில் பெரிய விஷயம் உயரம். அச்சடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழிந்து, கண்ணுக்கு எளிதில் படாத மெல்லிய கோடுகளை விட்டுச் செல்கிறது. விளக்கை லென்ஸுக்குப் பக்கத்தில் உயர்த்தினால் அந்தக் கோடுகள் ஒளியை ஆப்பு வடிவில் திருப்பி அனுப்பும். காசைச் சுழற்றினால் ஆப்பும் சுழலும். தேய்த்த காசில் அந்த ஆப்பு வராது. பளபளப்பு இருக்கும், ஆனால் கட்டைவிரல் ஓடிய வழியெல்லாம் வளைவளைவாகக் கீறல் கூட்டம் எழுந்து நிற்கும். வாங்குபவர் பணம் கொடுப்பது இந்த வித்தியாசத்துக்குத்தான். காசு கைக்குப் போனதும் அவர் செய்யப்போகும் முதல் வேலை ஜன்னலோரம் சாய்த்துப் பார்ப்பது. ஆகவே அந்தச் சோதனையை என் மேஜையிலேயே முடித்துவிடுகிறேன். காசை அங்குலம் அங்குலமாகத் திருப்பி, மிக மோசமாகத் தெரியும் நிலையிலும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புகிறேன். அதற்குப் பிறகு எதுவும் திரும்பி வரவில்லை.

புழங்கிப் புழங்கித் தேய்ந்த காசுக்கு விளக்கைத் தாழ்த்த வேண்டும். 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் ஒரு குட்டி யானை இருக்கிறது. தும்பிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரி தெரிந்ததால் ஊரெல்லாம் எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருஷமே அச்சை மாற்றினார்கள். தேய்ந்த காசில் அந்த உருவத்தைக் காட்ட, மேஜையோடு 30 டிகிரி அளவில் ஒரே விளக்கு போதும். பின்பக்கம் அடியில், தாமரைக்குக் கீழே உள்ள பம்பாய் நாணயச்சாலையின் அடையாளப் புள்ளிக்கும் இதே வழிதான்.

கண்ணாடிபோல் பளிங்குத் தளம் கொண்ட ப்ரூஃப் காசுகள் என் கையில் மூன்றோ நான்கோதான் வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டு விளக்கு எனக்குத் தோற்றது, கண்ணாடி முறை ஜெயித்தது. நாலு காசை வைத்துத் தீர்ப்பு எழுத எனக்குத் துணிவில்லை. தரச்சான்றோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வரும் காசுகளில் விளக்கின் பிம்பம் பெட்டி மேலேயே விழுகிறது. பெட்டியைக் கொஞ்சம் சாய்த்துச் சமாளிக்கிறேன், நல்ல வழி இன்னும் பிடிபடவில்லை.

திரும்பி வந்த அந்த 1918 காசை இரண்டு விளக்கில் மறுபடி எடுத்தேன். கீறல் அத்தனையும் தெரிந்தது. "வீட்டில் விபூதி போட்டுத் தேய்த்தது" என்று கீழே எழுதி, விலையையும் குறைத்துப் போட்டேன். மறுநாளே ஒருவர் கேட்டார்: "எங்க வீட்லயும் அப்படித்தான் சார், அனுப்புங்க."