பொரியா, பெட்டியா, ஏற்காட்டு அறையா?

சேலத்தில் சிறு தொழில் நடத்துகிறவர்களுக்குப் புரட்டாசி தொடங்கித் தை முடியும் வரை கை ஓயாத செலவு. வீட்டுக்கு ஒரு பங்கு, வேலையாட்களுக்கு ஒரு பங்கு போக, மீதி ‘நாலு பேரைப் பார்த்து வைக்க’ என்று போகும். வாடிக்கையாளர், சரக்குக் கொடுப்பவர், வங்கிக்காரர், லாரி அனுப்புகிறவர், என்றைக்காவது ஒத்தாசைக்கு வருவார் என்று நினைக்கும் அறிமுகங்கள் ஆகிய எல்லோரையும் பண்டிகையைச் சாக்கிட்டுப் பார்த்துவிடுவது இங்கே பழைய வழக்கம். செவ்வாய்ப்பேட்டையில் வரி ஆலோசகராக இருப்பதால் இந்தச் செலவெல்லாம் ரசீதுகளாக என் மேசைக்கு வந்துசேரும். எந்தச் செலவு வியாபாரமாகத் திரும்பியது, எது கரைந்துபோனது என்பதும் அடுத்த ஆண்டுக் கணக்கில் ஓரளவு பிடிபட்டுவிடும்.

தொழில் தொடர்பு வளர்க்க எந்தப் பண்டிகைச் செலவு அதிகம் பலன் தருகிறது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலிடம் ஆயுத பூஜைக்கு. கடைசி இடம், ஊரே அதிகம் செலவழிக்கிற தீபாவளி இனிப்புப் பெட்டிக்கு. ஏற்காட்டு விருந்தும் பொங்கலும் நடுவில் நிற்கின்றன. உங்களுக்கு யார் தேவை என்பதைப் பொறுத்து அவை மேலேறும், கீழிறங்கும்.

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடையே ஏறத்தாழ 20 நாள்தான். ஆனால் முதலாளியின் மனநிலையில் அந்த இடைவெளி மிகப் பெரியது. ஆயுத பூஜையன்று பட்டறையைக் கழுவிவிட்டு, கடைசலுக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து முடித்ததும் அவருக்கு வேறு வேலை கிடையாது. இயந்திரம் ஓடாது, இரைச்சல் இருக்காது, சரக்குக் கேட்டு யாரும் போன் செய்யவும் மாட்டார்கள். ஆண்டு முழுவதும் ஒரு நிமிடம் நின்று பேசாத மனிதர் அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். தீபாவளி வாரத்திலோ அதே மனிதரின் தலைக்குள் ஓடுவது போனஸ். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 விழுக்காடு கொடுக்க வேண்டிய ஆலையும் உண்டு. சட்டத்துக்குள் வராவிட்டாலும் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டுக் கொடுக்கும் தறிக்கூடமும் உண்டு. எப்படியானாலும் ரொக்கம் புரட்ட வேண்டும். வர வேண்டிய பாக்கி வந்திருக்காது. அந்த நேரத்தில் பட்டுக் காகிதம் சுற்றிய பெட்டியோடு போய் நிற்பவரை வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடத்தான் தோன்றும். குற்றம் அவர் மீது இல்லை.

பூஜைக்கு நேரில் போவதில் இன்னொரு ஆதாயம், எதிராளியின் தொழில் நடக்கும் இடம் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடப்பது. சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கம்பி இழுக்கும் இயந்திரத்தின் மேல் மல்லிகைச் சரம், உருக்கும் உலைக்குப் பக்கத்தில் வாழைக்கன்று, கணக்கு நோட்டுகளின் மேல் வெற்றிலை பாக்கு. வந்திருந்தவர்களில் பிளாஸ்டிக் உறை விற்கும் ஒருவரும் இருந்தார். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டே பட்டறையைச் சுற்றி வந்தவர், மெருகு போட்ட கொலுசுகளை ஜோடி ஜோடியாகச் செய்தித்தாள் துண்டில் மடித்து நூல் சுற்றி வைத்திருந்த தட்டின் முன்னால் நின்றார். “மை ஒட்டிக்கொள்ளாதா அண்ணா?” என்று கேட்டார், அவ்வளவுதான். பட்டறைக்காரர் ஒரு கொலுசைப் பிரித்துத் துணியால் துடைத்துப் பார்த்தார். தீபாவளிக்கு முன்னால் வடமாநிலத்தார் வெள்ளி வாங்கும் தன்தேரஸ் நாளுக்கான சரக்குக்கு உறை மாறியது. இதே மனிதர் தீபாவளிக்கு முந்திய நாள் பெட்டியோடு வந்திருந்தால் அந்தத் தட்டு அவர் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

பூஜையன்று மேஸ்திரி இருப்பார், கணக்கப்பிள்ளை இருப்பார், சரக்கு ஏற்றும் பையனும் புதுச்சட்டையில் இருப்பான். உங்கள் பில் மேலே போகுமா, குத்தூசியிலேயே கிடக்குமா என்பதை நிர்ணயிப்பவர் பல இடங்களில் அந்தக் கணக்கப்பிள்ளைதான். முதலாளிக்குப் பெட்டி அனுப்புகிறவர்கள் இவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

குறையும் இல்லாமல் இல்லை. எல்லோரும் ஒரே நாள் மாலையில் கூப்பிடுவார்கள். செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை என்று ஒரு வட்டம் அடித்தாலே பொழுது சாய்ந்துவிடும். சங்ககிரி லாரி ஷெட்டுகளையும் ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளையும் அதே நாளில் சேர்க்க முடியாது. விட்டுப்போன இடங்களுக்கு மறுநாள் விஜயதசமி காலையில் போகலாம். புதுக்கணக்கு தொடங்கும் நாள் என்பதால் அன்றைக்கும் நல்ல வரவேற்பு உண்டு. என்னைப் போல மேசையும் கணினியும் மட்டும் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் தங்கள் அலுவலகப் பூஜைக்கு ஆள் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம். கணினிக்குப் பொட்டு வைப்பதைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். வீட்டுப் பூஜையைக் காலையிலேயே முடித்துவிட்டு நாம்தான் கிளம்ப வேண்டும். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமோ ஒரு முழம் கதம்பமோ போதும்.

இனி பெட்டி. என் எதிர்ப்பு இனிப்பின் மீது அல்ல, அது வந்துசேரும் விதத்தின் மீது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் எந்த அலுவலகத்திலும் மேசை ஓரத்தில் பெட்டிகள் அடுக்காகிவிடும். கொண்டுவந்து கொடுத்தவர் அனுப்பியவரின் ஓட்டுநர். வாங்கி வைத்தவர் இங்கே இருக்கும் உதவியாளர். மேலே செருகியிருந்த விசிட்டிங் கார்டு மூன்றாவது பெட்டியை அடுக்கும்போதே நழுவிவிட்டது. பால்கோவாவா நெய் லட்டா என்று பார்த்து, சீக்கிரம் கெடுவதைக் காவலாளிக்கும் நாள் தாங்குவதை மைத்துனர் வீட்டுக்கும் பிரிப்பார்கள். 2020 அக்டோபர் 1 முதல் உதிரி இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதைக் கடைக்காரர் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தத் தேதிதான் இப்போது பெட்டியின் பயண வேகத்தைத் தீர்மானிக்கிறது.

வரிப் பக்கமும் பெட்டிக்குச் சாதகமாக இல்லை. இலவசமாகக் கொடுத்துவிட்ட பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது; பலர் எடுத்துவிட்டுப் பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டுகிறார்கள். பெரிய டீலருக்கு வெள்ளிக் காமாட்சி விளக்கு, நாணயம் என்று கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. 2022 ஜூலை 1 முதல், தொழில் தொடர்பாக ஒருவருக்குக் கொடுக்கும் சலுகைகளின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவர் 10 விழுக்காடு வரி பிடித்துச் செலுத்த வேண்டும். வியாபாரத்தில் முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடிக்கு மேல் போகாத தனிநபருக்கு விலக்கு உண்டு. வெள்ளி விலை ஏறிக் கிடக்கும் நாளில் ஒரு விளக்கும் ஒரு தட்டும் சேர்ந்தாலே எல்லைக்கோடு பக்கத்தில் வந்துவிடுகிறது. அரசு அதிகாரிக்கும் பொதுத்துறை வங்கி மேலாளருக்கும் பெட்டி அனுப்புவதை அறவே விட்டுவிடலாம். நன்றி வராது, அவரைத் தர்மசங்கடத்தில் தள்ளியதுதான் மிஞ்சும்.

பெட்டியைத் தவிர்க்கவே முடியாதவர்களுக்கு ஒரு யோசனை. எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். சாலையோரத்தில் வாங்கிய தட்டுவடை செட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே இரண்டு வார்த்தை பேசியவர், ஓட்டுநரிடம் முந்திரிக் கத்லி அனுப்பியவரைவிட நினைவில் நிற்பார்.

ஏற்காடு வேறு வகை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் 1,500 மீட்டர் உயரத்தில் வேறொரு பருவநிலை. டிசம்பர் கடைசி வாரத்தில் ஓட்டலில் அறைகள் எடுத்து, வாடிக்கையாளர்களையும் முகவர்களையும் அழைத்து ஒரு மாலை விருந்து வைப்பது சில ஆண்டுகளாகப் பரவிவரும் பழக்கம். செலவில் இதுதான் உச்சம். அந்த வாரம் அறை வாடகை ஏறிவிடும், மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்து போகும். ஆயினும் வேறெங்கும் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: நேரம். கீழே பத்து நிமிடத்துக்கு மேல் பிடித்து வைக்க முடியாதவரை இங்கே அண்ணா பூங்காவிலிருந்து ஏரி வரை கூடவே நடத்திக்கொண்டு போகலாம். சென்னையிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வருகிற வெளியூர் வாடிக்கையாளருக்கு மலை ஒரு காரணம். சேலத்துக்கு வா என்றால் வராதவர் ஏற்காடு என்றால் குடும்பத்தோடு வருவார்.

ஆனால் பெரும்பாலும் இது கெட்டுப்போவது கூட்டத்தால். ஐம்பது பேரைக் கூட்டினால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்துகொள்கிறார்கள், ஒலிபெருக்கி அலறுகிறது, இரவு பத்து மணிக்குமேல் பேச்சு வேறு திசையில் போய்விடுகிறது. அடுத்த நாள் காலையில் யார் யாரைச் சந்தித்தோம் என்பதே பலருக்குத் தெளிவாக இராது. ஆறேழு பேர், குடும்பத்தோடு, பகலில், மது இல்லாமல் என்று வைத்துக்கொண்டால் செலவு பாதியாகும், பலன் இருமடங்காகும். டிசம்பரில் ஏற்காட்டுத் தோட்டக்காரர்களையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து, நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிப்பும் களத்தில் உலர்த்துவதும்தான் அவர்களுக்குப் பிழைப்பு. விடுமுறை நமக்குத்தான்.

பொங்கலைத் தொழில் தொடர்புக்கு யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இது இரண்டாமிடம். போகிக்கு முந்திய இரவு தொப்பூர்க் கணவாயில் நெரிசலாக இறங்கி வரும் கார்களில் பெங்களூரில் வேலை பார்க்கும் சேலத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளித் தோழர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் பார்ப்பவர்கள். சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையில், அமெரிக்காவின் நியூட்டன் நகரில் தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எத்தனை அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டதைச் சொல்கிறார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் பெற்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது பார்ப்பவரும் அரிதாகப் பார்ப்பவரும் சேர்ந்து மீதி முழுவதையும் நிரப்பினார்கள். நெருங்கியவனுக்குத் தெரிந்த செய்தி ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும். தள்ளி இருப்பவனிடமிருந்துதான் புதுச் செய்தி வரும் என்பது அவர் விளக்கம். பெங்களூரில் இருப்பவர் ஆண்டு முழுவதும் நமக்கு எட்டாதவராக இருக்கலாம். மாட்டுப் பொங்கலன்று அவர் நம் தெரு முனையிலேயே நிற்பார்.

2024-இல் சேலத்தை அடுத்த கருப்பூர் அருகே மினி டைடல் பூங்கா என்னும் தகவல் தொழில்நுட்ப வளாகம் திறந்ததிலிருந்து, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வாடகை இடம், கணக்கு எழுத ஆள், பதிவு செய்யும் முறை எல்லாம் தெரிய வேண்டும். நமக்கு அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனங்களில் கதவு திறக்க வேண்டும். ஆனால் இது பெட்டியோடு போகிற இடமல்ல, தொழில் பேச்சை முதலில் எடுக்கிற இடமும் அல்ல. “அம்மா எப்படி இருக்கிறார்கள், எத்தனை நாள் லீவு?” என்று தொடங்கினால் பேச்சு தானாக அங்கே வந்து நிற்கும். பழைய மாணவர் கூட்டங்கள் பலவும் டிசம்பர் கடைசியிலும் பொங்கலையொட்டியும்தான் நடக்கின்றன. போய் வரும் செலவைத் தவிர வேறு செலவில்லை. பலன் கைக்கு வர ஓராண்டுகூட ஆகலாம், அவசரக்காரர்களுக்கு உதவாது.

ஆடியை ஏன் விட்டாய் என்று உள்ளூர்க்காரர்கள் கேட்பார்கள். கோட்டை மாரியம்மன் திருவிழாவும், குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை வண்டி வேடிக்கைகளும் (அலங்கார வண்டி ஊர்வலங்கள்) சேலத்தின் உண்மையான பெரிய கூட்டம். விழாக் குழுவில் வரவு செலவு பார்த்தவருக்கு ஊரில் திறக்காத கதவு இல்லை. ஆனால் அது அந்தந்தப் பேட்டையில் தலைமுறையாக இருக்கிறவர்களுக்கு. புதிதாக வந்தவர் நன்கொடை கொடுத்து நுழைந்தால் நன்கொடைப் பட்டியலில்தான் இருப்பார்.

வாட்ஸ்அப் வாழ்த்துப் படத்தைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. குத்துவிளக்கும் நம் நிறுவனத்தின் பெயரும் போட்ட படத்தை முந்நூறு பேருக்கு ஒரே நொடியில் அனுப்புகிறோம். அவர்களும் அதே வேகத்தில் அழிக்கிறார்கள்.

காலண்டர் மட்டும் தனி. தினசரிக் காலண்டரில் ராகு காலமும் எமகண்டமும் பார்க்காத பட்டறை சேலத்தில் குறைவு; ஒரு தடவை கொடுத்துவிட்டால் 365 நாளும் நம் பெயர் ஆணியில் தொங்கும். என் காலண்டரில் மாதந்தோறும் 7, 11, 20 தேதிகளைச் சிவப்பில் அச்சிட்டு வாங்குகிறேன்: பிடித்த வரியைக் கட்டும் நாள், விற்பனைக் கணக்கு கொடுக்கும் நாள், ஜிஎஸ்டி கட்டும் நாள். தாளைக் கிழிக்கும்போதே போன் வந்துவிடும். ஒரு நிபந்தனை, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். ஆவணிக்குள் படம் தேர்ந்தெடுத்தால் முருகனோ மாரியம்மனோ கிடைப்பார்கள். கார்த்திகையில் விழித்துக்கொண்ட ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவருக்கு மிச்சம் கிடந்தது பனிமலையும் மரவீடும்தான். அவர் ஆலையில் இப்போதும் மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளுக்கு மேலே அதுதான் தொங்குகிறது.