கானாடுகாத்தானா, வேட்டங்குடியா?

சிவகங்கைப் பக்கம் போக ஒரே நாள்தான் இருக்கிறதென்றால் என் ஓட்டு கானாடுகாத்தானுக்கு. பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க எந்த மாதமும் சரி. வெயில் ஏறினால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள். பேரம் பேசத் தெரியணும், அவ்வளவுதான்.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அப்படியில்லை. கண்மாயில் தண்ணீர் வேண்டும், நத்தைகுத்தி நாரைகளும் வந்திருக்க வேண்டும். மழைக்குப் பிறகு, நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். கோடையில் வீண் அலைச்சல். ஆனால் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி போடாத கொள்ளுக்குடிப்பட்டி அங்கேதான் இருக்கிறது. அதற்காகவே டிசம்பரில் போனால் என் ஓட்டு மாறிவிடும்.